எலும்பு மிகவும் குட்டை என்று ஸ்கேன் சொன்ன பிறகு: எந்தச் சோதனைக்குக் காசு கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில் "கை கால் எலும்புகள் மிகக் குட்டை, நெஞ்சுக்கூடு சிறியது" என்று எழுதி வந்துவிட்டால், அன்றைக்கே குடும்பத்தின் கையில் ஒரு பட்டியல் தரப்படுகிறது. மறுபடி ஸ்கேன், தாயின் ரத்தத்தில் என்ஐபிடி, பனிக்குட நீர்ச் சோதனை, குரோமோசோம் சோதனை, குரோமோசோமில் சிறு துண்டுகள் குறைந்தோ கூடியோ இருப்பதைத் தேடும் மைக்ரோஅரே, புரதங்களுக்கான மரபணுப் பகுதிகளை ஒட்டுமொத்தமாகப் படிக்கும் எக்ஸோம், மரபணு ஆலோசனை என்று அது நீளும். சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சத்தை நெருங்கும் செலவு. அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் எது தேவை, எது வீண் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தெம்பு இருக்காது. தமிழ்நாட்டில் கிடைக்கும் இந்தச் சேவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மதிப்பிடவே இந்தக் கட்டுரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் சங்கிலியில் மிக மலிவான இரண்டு சேவைகள்தான் அதிகம் உதவுகின்றன: குழந்தை வெளியே வந்த பின் எடுக்கும் முழு உடல் எக்ஸ்ரே, அப்போதே தொப்புள்கொடியிலிருந்து எடுத்துவைக்கும் 2 அல்லது 3 மி.லி. ரத்தம். அதிகம் தவறவிடப்படுவதும் இவைதான். காரணம், அவற்றை யாரும் விற்பதில்லை. நாமே கேட்டு வாங்க வேண்டும்.

எந்த நோய்களைப் பற்றிப் பேசுகிறோம்

எலும்பு வளர்ச்சிக் கோளாறுகள் என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வகைப்பாடு பட்டியலிடுபவை 771. அவற்றில் சில மட்டுமே பிறந்த உடனே உயிரைப் பறிப்பவை. அடிக்கடி எதிர்ப்படுபவை மூன்று. முதலாவது தனடோஃபோரிக் டிஸ்ப்ளேசியா. பெயருக்கே "மரணத்தைச் சுமப்பது" என்றுதான் கிரேக்கத்தில் பொருள். எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் புதிதாக நேரும் மாற்றத்தால் வருவது. முதல் வகையில் தொடை எலும்பு பழைய தொலைபேசி ரிசீவரைப் போல வளைந்திருக்கும். இரண்டாம் வகையில் எலும்பு நேராக இருக்கும், மண்டை ஓடு மூன்று இதழ் இலையைப் போலப் புடைத்திருக்கும். இரண்டாவது, ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டாவின் இரண்டாம் வகை. கருப்பையிலேயே எலும்புகள் பல இடங்களில் முறிந்து, விலா எலும்புகள் மணி கோத்ததைப் போல இருக்கும். மூன்றாவது, முதுகெலும்பே சரியாகக் கெட்டிப்படாத அகோண்ட்ரோஜெனிசிஸ். இவற்றோடு குறுவிலா–கூடுதல் விரல் நோய்கள், கால் எலும்புகள் வளைந்துபோகும் கேம்பொமெலிக் டிஸ்ப்ளேசியா, எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியாத ஹைப்போஃபாஸ்ஃபடேசியாவின் கடுமையான வடிவம் ஆகியவையும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நுரையீரல். விலா எலும்புகள் குட்டையாக இருப்பதால் நெஞ்சுக்கூடு விரிவதில்லை, உள்ளே நுரையீரல் வளர இடமில்லை. எனவே "பிழைக்குமா" என்ற கேள்விக்கான பதில் தொடை எலும்பின் நீளத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி நெஞ்சின் அளவில் இருக்கிறது.

அனாமலி ஸ்கேன்: நல்ல சேவை, ஆனால் அறிக்கையைப் பார்த்து வாங்குங்கள்

வழக்கமாக 18 முதல் 20 வாரத்தில் செய்வார்கள். உயிரைப் பறிக்கும் வகைகளில் பெரும்பாலானவை இந்த ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். அகோண்ட்ரோஜெனிசிசும் எலும்பு முறியும் வகையும் 12 முதல் 14 வாரத்திலேயே சந்தேகம் தந்துவிடுவதுண்டு. உயிருக்கு ஆபத்தில்லாத அகோண்ட்ரோபிளேசியா, அதாவது பரவலாகக் காணப்படும் குள்ளத்தன்மை, இதற்கு நேர்மாறானது. அதில் தொடை எலும்பு 20ஆம் வாரத்தில் இயல்பாகவே இருக்கும், 24ஆம் வாரத்துக்குப் பிறகுதான் பின்தங்கும். ஆகவே 20 வாரத்திலேயே எலும்பு மிகக் குட்டை என்றால் கவலைப்படக் காரணம் அதிகம். 32 வாரத்தில் முதன்முதலாகக் கொஞ்சம் குட்டை என்றால், பெற்றோரின் உயரமோ குழந்தையின் மொத்த வளர்ச்சிக் குறைவோ காரணமாக இருக்கும் வாய்ப்பே கூடுதல்.

"குட்டை எலும்பு, மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறோம்" என்று ஒரே வரியில் முடியும் அறிக்கை போதாது. கீழே சொல்லும் அளவுகள் இல்லையென்றால் திரும்பக் கேளுங்கள், அல்லது கருநிலை மருத்துவத்தில் தேர்ந்த ஒருவரிடம் இரண்டாம் ஸ்கேன் எடுங்கள். இந்த ஒரு இடத்தில் இரண்டாம் கருத்துக்குச் செலவழிப்பது முழுக்க நியாயமானது.

முதல் அளவு, தொடை எலும்பின் நீளத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து வருவது. 20 வாரக் குழந்தைக்குத் தொடை எலும்பு சுமார் 33 மி.மீ., வயிற்றுச் சுற்றளவு சுமார் 150 மி.மீ. இருக்கும். வகுத்தால் 0.22. இந்த விகிதம் 0.16க்குக் கீழே இருந்தால் உயிர் ஆபத்தான வகை என்ற சந்தேகம் வலுக்கிறது. தொடை எலும்பு 20 மி.மீ. மட்டுமே என்றால் விகிதம் 0.13 ஆகிவிடும். கூடவே பனிக்குட நீரும் அதிகமாக இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது. இரண்டாவது, நெஞ்சுச் சுற்றளவை வயிற்றுச் சுற்றளவால் வகுப்பது. இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும் மட்டத்தில் நெஞ்சை அளக்க வேண்டும். 0.6க்குக் கீழே என்றால் நுரையீரல் வளரவில்லை என்றே கருதுவார்கள். மூன்றாவது, தொடை எலும்பையும் பாதத்தையும் ஒப்பிடுவது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்க வேண்டும். குழந்தை மொத்தமாகச் சிறியதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும், விகிதம் 1ஐ ஒட்டியே நிற்கும். எலும்பு நோயில் பாதம் இயல்பாக இருக்க, தொடை மட்டும் குட்டையாகும், விகிதம் 0.87க்குக் கீழே இறங்கும். வீட்டில் ஒரு கால்குலேட்டர் போதும், அறிக்கையில் உள்ள எண்களை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

எண்ணாகச் சொல்ல முடியாதவையும் அறிக்கையில் இருக்க வேண்டும். எலும்பு வளைந்திருக்கிறதா, முறிந்திருக்கிறதா? ஸ்கேன் கருவியை லேசாக அழுத்தும்போது மண்டை ஓடு அமுங்குகிறதா, மூளை வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரிகிறதா? இந்த இரண்டும் எலும்பில் சுண்ணாம்புச் சத்து படியாததைக் காட்டும். விரல்கள் எத்தனை, சிறுநீரகம் எப்படி, இதயம் எப்படி என்பதும் முக்கியம். கூடுதல் விரலோடு குறுகிய விலா என்றால் நோயின் குடும்பமே மாறுகிறது, அடுத்த பிரசவத்தில் திரும்ப வரும் வாய்ப்பும் மாறுகிறது.

என்ஐபிடியும் குரோமோசோம் சோதனையும்: இந்தக் காரணத்துக்காக வேண்டாம்

தாயின் ரத்தத்தில் செய்யும் வழக்கமான என்ஐபிடி, டவுன் சின்ட்ரோம் போலக் குரோமோசோம் எண்ணிக்கை மாறும் நோய்களுக்கானது. ஒற்றை மரபணுவில் ஓர் எழுத்து மாறியதை அது பார்ப்பதே இல்லை. "என்ஐபிடி நார்மல்" என்ற அறிக்கையை நம்பி ஸ்கேனில் கண்டதை ஒதுக்கிவிடக் கூடாது. எஃப்ஜிஎஃப்ஆர்3 மாற்றத்தைத் தாயின் ரத்தத்திலிருந்தே கண்டறியும் தனிச் சோதனை பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது வேறு சோதனை, பெயர்க் குழப்பத்தில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

குரோமோசோம் சோதனையும் மைக்ரோஅரேயும் இந்த நோய்களில் பெரும்பாலும் இயல்பு என்றே வரும். இதயம், மூளை போன்ற வேறு உறுப்புகளிலும் குறை தெரிந்தால் மைக்ரோஅரே செய்வதில் பொருள் உண்டு. எலும்பு மட்டும்தான் என்றால், அந்தப் பணத்தை அடுத்த சோதனைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

எக்ஸோம்: விலைக்கு ஏற்ற மதிப்பு, மூன்று நிபந்தனைகளோடு

கருவில் எலும்புக் கோளாறு தெரிந்தவர்களில் எக்ஸோம் சோதனை ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. கருவில் தெரியும் வேறு எந்த உறுப்புக் குறையிலும் இவ்வளவு பலன் கிடைப்பது அரிது. சில பத்தாயிரங்களில் இருந்து விலை தொடங்கும், தாய் தந்தை மாதிரியும் சேர்ந்தால் கூடும்.

முதல் நிபந்தனை, மூவர் மாதிரி. குழந்தையுடையதை மட்டும் அனுப்பினால் விலை குறைவு, ஆனால் கண்டுபிடித்த மாற்றம் புதிதாக வந்ததா பெற்றோரிடமிருந்து வந்ததா என்பது தெரியாது. அடுத்த குழந்தையைப் பற்றிய கேள்விக்கு அந்த விடைதான் வேண்டும். கையில் பணம் குறைவென்றால், பெற்றோர் இருவரின் ரத்தத்திலிருந்தும் டிஎன்ஏ பிரித்துச் சேமித்துவைக்கவாவது சொல்லுங்கள். பின்னர் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பெற்றோரிடம் தேடும் சோதனை மிக மலிவு.

இரண்டாவது, விண்ணப்பத் தாள். ஆய்வகம் ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எதைக் கவனிப்பது என்பதை நீங்கள் எழுதித் தரும் அடையாளங்களை வைத்தே முடிவுசெய்கிறது. "குட்டை எலும்பு" என்று மட்டும் எழுதிப் போனால் தேடலும் அரைகுறையாகவே இருக்கும். ஸ்கேன் அறிக்கையின் நகல், மேலே சொன்ன மூன்று விகிதங்கள், வளைவு, முறிவு, விரல் எண்ணிக்கை, உறவுத் திருமணமா, முன்பு இழந்த குழந்தை உண்டா, எல்லாம் தாளில் இருக்க வேண்டும். மருத்துவர் எழுத மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

மூன்றாவது, நேரம். பனிக்குட நீர் 15 வாரம் முடிந்த பிறகு எடுக்கலாம், சுமார் 20 முதல் 30 மி.லி. போதும். இதனால் கரு கலையும் வாய்ப்பு 100ல் ஒன்றுக்கும் குறைவு. முதலில் வரும் 1 அல்லது 2 மி.லி.யில் தாயின் செல்கள் கலந்திருக்கலாம் என்பதால் அதை ஒதுக்கிவிடுவார்கள். தாயின் செல் கலப்பு இல்லை என்று ஆய்வகம் உறுதிசெய்ததா என்பதை அறிக்கையில் தேடுங்கள். எக்ஸோம் முடிவு வர மூன்று, நான்கு வாரம் ஆகும். 20 வாரத்தில் ஸ்கேன், 21ல் ஊசி என்றால் முடிவு, கருக்கலைப்புச் சட்டம் கோடு போடும் 24 வாரத்தைத் தாண்டிவிடும். எனவே ஸ்கேனே தெளிவாக ஒரு நோயைக் காட்டும்போது நேராக அந்த மரபணுவை மட்டும் பார்க்கலாமா என்று கேளுங்கள். வளைந்த தொடை, குறுகிய நெஞ்சு, பெரிய தலை என்றால் எஃப்ஜிஎஃப்ஆர்3ல் குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்ப்பது வேகமும் சிக்கனமும். ஸ்கேன் காட்டும் உயிர் ஆபத்து தெளிவாக இருந்தால், முடிவெடுக்க மரபணு அறிக்கை வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மரபணு அறிக்கை அடுத்த கர்ப்பத்துக்குத்தான் அதிகம் உதவும்.

அறிக்கையைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. "முக்கியத்துவம் நிச்சயமில்லாத மாற்றம்" என்று வந்தால் அது விடை ஆகாது. அதை வைத்து இந்தக் கர்ப்பத்தையோ அடுத்ததையோ பற்றி முடிவெடுக்கக் கூடாது. "எதுவும் கிடைக்கவில்லை" என்று வந்தாலும் நோய் இல்லை என்று பொருளல்ல. ஓரிரு ஆண்டுக்குப் பிறகு அதே தரவை மறுபடி ஆராயச் சொல்லலாம். மூலத் தரவுக் கோப்பைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

இந்தியச் சட்டப்படி குழந்தை ஆணா பெண்ணா என்பது எந்த அறிக்கையிலும் இருக்காது, கேட்கவும் கூடாது. கேம்பொமெலிக் டிஸ்ப்ளேசியாவில் எக்ஸ்ஒய் குரோமோசோம் இருந்தும் வெளியுறுப்பு பெண்ணைப் போலத் தோன்றலாம், நோயை அடையாளம் காண அது மருத்துவருக்கு உதவும் துப்பு. அந்தக் குறிப்பு மருத்துவருக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலேயே நின்றுவிடும்.

24 வாரம் என்ற கோடு

2021ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் வரை, கருவில் கடுமையான குறை இருக்கும் நிலையில், இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதற்கு மேல் என்றால் மாநில அரசு அமைத்த மருத்துவக் குழு முடிவுசெய்யும். மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் அதில் இருப்பார்கள். விண்ணப்பம் கிடைத்த மூன்று நாளுக்குள் குழு கருத்துச் சொல்ல வேண்டும். "24 வாரம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படும் குடும்பங்கள் உண்டு. அது சரியல்ல. கருவின் கடுமையான குறைக்கு, குழு ஒப்புக்கொண்டால், மேல் வரம்பு இல்லை. நெஞ்சு–வயிறு விகிதம் எழுதப்பட்ட ஸ்கேன் அறிக்கை குழுவின் முன் மிகவும் உதவும்.

கர்ப்பத்தைத் தொடர்வதும் அதே அளவு மதிக்கப்பட வேண்டிய முடிவு. எந்தப் பக்கமும் தள்ளாமல் இரண்டு வழிகளையும் விளக்குபவரே நல்ல ஆலோசகர். ஒரு வழியை மட்டுமே பேசுபவரிடம் ஆலோசனைக் கட்டணம் கொடுப்பது வீண்.

எக்ஸ்ரேயும் தொப்புள்கொடி ரத்தமும்: மறக்கவே கூடாதவை

கர்ப்பம் எப்படி முடிந்தாலும் சரி, குழந்தை உயிரோடு பிறந்து சில மணி நேரமே இருந்தாலும் சரி, இந்த இரண்டையும் செய்தாக வேண்டும். தாலுகா மருத்துவமனையில்கூட எக்ஸ்ரே கருவி இருக்கிறது. சில நூறு ரூபாய்தான் ஆகும். குழந்தையின் உடல் முழுவதையும் முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம். கை கால்களை நீட்டி, உடம்பின் மேல் படாமல் வைக்க வேண்டும். கைகளுக்கும் பாதங்களுக்கும் தனிப் படம் கூடுதல் நல்லது. பெரும்பாலும் நடக்கும் தவறு, முன்பக்கப் படம் ஒன்றோடு நிறுத்திவிடுவது. தனடோஃபோரிக் டிஸ்ப்ளேசியாவில் முதுகெலும்புகள் தட்டையாகிப் போவது பக்கவாட்டுப் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். உயிர் பிரிந்து நேரமாகிவிட்டது, தோல் உரிந்துவிட்டது என்று சொல்லி எக்ஸ்ரேயைத் தவிர்க்க வேண்டியதில்லை. எலும்பு அதே நிலையில்தான் இருக்கும். முழுப் பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பம் சம்மதிக்காத வீடுகளிலும் எக்ஸ்ரேக்கு மறுப்பு எழுவதில்லை, கத்தி படாது என்பதால்.

அனுபவமுள்ள மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்தே பல நேரம் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். மரபணுச் சோதனையில் நிச்சயமில்லாத மாற்றம் வந்தால், அதை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிப்பதும் இந்தப் படம்தான். படத்தை டிஜிட்டல் கோப்பாகவே வாங்குங்கள். ஃபிலிமைச் செல்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் விலா, விரல் எலும்பு விவரங்கள் காணாமல் போகும்.

ரத்தம்: தொப்புள்கொடியிலிருந்து 2 அல்லது 3 மி.லி., ரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ சேர்த்த, ஊதா மூடிபோட்ட குழாயில். இது டிஎன்ஏவுக்கு. ரத்தம் கிடைக்காவிட்டால் தொடைத் தோல் சிறு துண்டு, அல்லது நஞ்சுக்கொடியில் தொப்புள்கொடி சேரும் இடத்துக்கு அருகே குழந்தையின் பக்கத்திலிருந்து ஒரு செ.மீ. துண்டு, கிருமி நீக்கிய சலைன் திரவத்தில். ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். பிரசவ அறைகளில் எந்தத் திசுவையும் ஃபார்மலினில் போடுவது பழக்கமாகிவிட்டதால் இது அடிக்கடி நேர்கிறது. முன்கூட்டியே எழுதித் தராவிட்டால் நிச்சயம் நடக்கும். மாதிரியைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், உறையவைக்க வேண்டாம்.

எலும்பில் சுண்ணாம்பு படியாத குழந்தைக்கு மேலும் ஒரு குழாய் வேண்டும். அதில் பார்க்க வேண்டியது அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ், எந்த ஊர் ஆய்வகத்திலும் செய்யும் மலிவான சோதனை. மிகக் குறைவாக வந்தால் ஹைப்போஃபாஸ்ஃபடேசியா. ஊதா மூடிக் குழாயில் இதைச் செய்யவே கூடாது, ஈடிடிஏ இந்த நொதியின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய்தான் சரி. பெற்றோரைச் சோதிப்பதாக இருந்தால் தந்தையின் அளவே அதிகம் சொல்லும், கர்ப்பிணியின் ரத்தத்தில் நஞ்சுக்கொடியிலிருந்தும் இதே நொதி வந்து கலப்பதால். இந்த நோயைப் பிரித்தறிவதற்குக் காரணம் உண்டு. அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபா என்ற மருந்து 2015ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அனுமதி பெற்றது, முன்பு இறந்திருக்கக்கூடிய குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை, விலையும் மலைக்க வைக்கும். கருவில் எலும்பு வளைந்து தெரிந்து, பிறந்த பின் தானாகவே நேராகிவிடும் லேசான வடிவமும் இதே நோய்க்கு உண்டு. நெஞ்சு அளவைப் பார்க்காமல் "பிழைக்காது" என்று சொல்லிவிடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

பிறந்த பின் ஆறுதல் பராமரிப்பு

கர்ப்பத்தைத் தொடரும் குடும்பத்துக்கு இது மிகவும் தேவைப்படும் சேவை, நம் மருத்துவமனைகளில் மிகக் குறைவாகக் கிடைப்பதும் இதுவே. வென்டிலேட்டர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் என்று எல்லாம் செய்து, தனடோஃபோரிக் டிஸ்ப்ளேசியா உள்ள மிகச் சில குழந்தைகள் பத்து வயதையும் தாண்டி இருந்திருக்கிறார்கள், கடுமையான வளர்ச்சிக் குறைபாடுகளோடு. பெரும்பாலானவர்கள் சில மணி நேரமோ சில நாளோதான் இருப்பார்கள். இதைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

34 வாரத்துக்குள் ஒரு பக்கத் திட்டத்தை எழுதி, மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் கையெழுத்திட்டு, அதன் நகல் பிரசவ அறைக் கோப்பில் இருக்க வேண்டும். நீர் அதிகமாகி முன்கூட்டியே வலி வரலாம், இரவுப் பணியில் இருப்பவருக்கு எதுவும் தெரியாமல் குழந்தையை நேராகத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விடலாம். திட்டத்தில் எழுத வேண்டியவை: மூச்சுக்குழாய் போடுவதா வேண்டாமா, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தி வெதுவெதுப்பாக வைப்பது, உறிஞ்ச முடியாவிட்டால் சீம்பால் துளிகளை வாயில் தடவுவது, வலிக்கும் ரத்தப் பரிசோதனைகளைத் தவிர்ப்பது, மூச்சுத் திணறினால் வாய்வழியாகத் தரும் மார்ஃபின். எலும்பு முறியும் வகை என்றால் தூக்கும் முறையே வேறு. அக்குளில் கைபோட்டோ கணுக்காலைப் பிடித்தோ தூக்கக் கூடாது. தலை, முதுகு, இடுப்பு மூன்றுக்கும் அடியில் உள்ளங்கையை விரித்து, மெத்தென்ற துணியோடு சேர்த்து எடுக்க வேண்டும். டயப்பர் மாற்றும்போதும் கால்களைப் பிடித்து உயர்த்தாமல் இடுப்புக்கு அடியில் கைகொடுக்க வேண்டும்.

சிசேரியன் பற்றித் தெளிவாகப் பேசிவிடுங்கள். குழந்தையைக் காப்பாற்ற அது உதவாது, தாயின் வயிற்றில் தழும்பு மட்டும் மிஞ்சும், அடுத்த பிரசவத்தைச் சிக்கலாக்கும். தலை மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் தாயின் பாதுகாப்புக்காக யோசிக்க வேண்டியிருக்கும். கடைசி ஸ்கேனில் தலைச் சுற்றளவைத் தனியே கேட்டு வாங்கச் சொல்வது அதனால்தான்.

பிறந்த மூன்றாம் நான்காம் நாளில் தாய்க்குப் பால் கட்டும். இதை யாரும் முன்னரே சொல்வதில்லை. மார்பு கனத்து வலிக்கும் அந்த நாளில் வீட்டில் தனியாக அழுவதுதான் நடக்கிறது. பாலை நிறுத்த ஒற்றை வேளை கேபர்கோலின் மாத்திரை உண்டு, பிரசவமான முதல் நாளே தர வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருத்துவர் யோசித்தே தருவார். டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள்.

காகித வேலையும் உண்டு. உயிரோடு பிறந்து சில நிமிடமே இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். 28 வாரத்துக்குப் பிறகு இறந்தே பிறந்தால் இறந்து பிறந்த குழந்தையாகப் பதிவாகும். சட்டப்படி மகப்பேறு நலன் பெறத் தகுதியுள்ள வேலையில் இருக்கும் பெண்ணுக்குக் கருச்சிதைவுக்கோ கருக்கலைப்புக்கோ பின் ஆறு வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு 2022 முதல் இருக்கிறது.

மரபணு ஆலோசனை: பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்

ஆய்வகம் அறிக்கையோடு இலவசமாகத் தரும் பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சை ஆலோசனை என்று கொள்ள முடியாது. நல்ல ஆலோசனை அரை மணிக்குக் குறையாது, மூன்று தலைமுறை வம்சப் படம் போடுவார்கள், எக்ஸ்ரேயைத் தாங்களே பார்ப்பார்கள், பேசியதைக் கடிதமாகத் தருவார்கள். அடுத்த குழந்தைக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற எண் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். தனடோஃபோரிக் என்றால் நூற்றில் ஒன்று அல்லது அதற்கும் கீழ். எலும்பு முறியும் வகை, கொலாஜன் மரபணுவில் புதிதாக வந்த மாற்றம் என்றால் அதைவிடச் சற்றுக் கூடும், பெற்றோரில் ஒருவரின் விந்தணுக்களிலோ கருமுட்டைகளிலோ மட்டும் மாற்றம் ஒளிந்திருக்க வாய்ப்பு இருப்பதால். பெற்றோர் இருவரும் ஒரே மரபணுவின் மாற்றத்தைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம். அகோண்ட்ரோஜெனிசிஸின் 1ஏ, 1பி வகைகளும், குறுவிலா நோய்களும், உயிரைப் பறிக்கும் ஹைப்போஃபாஸ்ஃபடேசியாவும் இந்தக் கூட்டத்தில் சேரும். ஆண், பெண் இருவருக்குமே அகோண்ட்ரோபிளேசியா இருக்கும் தம்பதிக்கும் 25 சதவீதம் என்ற எண்ணே வரும். இரு மரபணுப் பிரதிகளும் மாறிய குழந்தை பிழைப்பது அரிது.

உறவுத் திருமணம் பற்றி இங்கே ஒரு சொல். 2019–21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடந்த திருமணம். அதனால் குழந்தைக்கு எலும்பு நோய் என்றவுடனே "மாமனைக் கட்டியதால்தான்" என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. 25 சதவீத வகைகளுக்கு அந்தத் தொடர்பு உண்மை. தனடோஃபோரிக்கிற்கு அறவே பொருந்தாது. அதன் மாற்றம் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது தற்செயலாக நேர்வது. தாய் கிரகணத்தில் வெளியே வந்ததோ, பப்பாளி தின்றதோ, சுண்ணாம்புச் சத்து மாத்திரையை விட்டதோ எந்த வகைக்கும் காரணமில்லை. ஆலோசகர் இதைக் கணவரும் மாமியாரும் உட்கார்ந்திருக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

அடுத்த கர்ப்பத்துக்கான அட்டவணையும் அந்தக் கடிதத்திலேயே வர வேண்டும். 25 சதவீத வகை, மாற்றமும் தெரியும் என்றால் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுத்து அந்த மாற்றத்தை மட்டும் பார்ப்பார்கள், ஓரிரு வாரத்தில் பதில் வந்துவிடும். புதிதாக வந்த மாற்றம் என்றால் 12, 16, 20 வாரங்களில் ஸ்கேன், மன நிம்மதி வேண்டுவோருக்குப் பனிக்குட நீரில் அந்த ஒரே மாற்றத்துக்கான சோதனை. நோயின் பெயரே தெரியாமல் போயிருந்தால் ஸ்கேன் மட்டும்தான் கதி. அப்போதும் 12ஆம் வாரத்திலிருந்தே எலும்பை அளக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும். பழைய எக்ஸ்ரே கோப்பு, டிஎன்ஏ சேமிப்பு எண், மரபணு அறிக்கை, ஆலோசனைக் கடிதம் நான்கையும் ஒரே உறையில் போட்டு முதல் சந்திப்பிலேயே கொண்டுபோங்கள்.